மேம்படுத்தப்பட்ட அம்மா

கண்ணாடிக்காரர் அந்தக் கணினிக் கழகத்துக்கு முதலில் போனது படிப்பு விஷயமாக அல்ல, கண்ணாடித் தடுப்பு மாட்டுவதற்காக. வகுப்பறைக்கும் கூடத்துக்கும் நடுவே இருந்த சுவரை இடித்துவிட்டு, தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அந்தப் பக்கம் ஆறாவது, ஏழாவது, எட்டாவது படிக்கும் பிள்ளைகள் மாலையில் வந்து கணினி கற்பார்கள். இந்தப் பக்கம் வரிசையாக நாற்காலி போட்டுப் பெற்றோர் உட்கார்ந்து பார்ப்பார்கள். பார்க்கலாம், ஆனால் கேட்கக் கூடாது. சத்தம் துளிகூட வெளியே வரக் கூடாது என்பதில் கழகம் கண்டிப்பாக இருந்தது. அவரும் இரட்டைக் கண்ணாடி போட்டு, ஓரமெல்லாம் ரப்பர் பட்டை வைத்து அழுத்தி, இடுக்கு இல்லாமல் பசை பூசினார்.

வேலை முடிந்ததும் நிறுவனர் வந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஓர் ஆளை நிறுத்திக் கத்தச் சொன்னார். அந்த ஆள் கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினார். இந்தப் பக்கம் வாய் மட்டும் அசைந்தது.

"பிரமாதம்," என்றார் நிறுவனர். "இப்பதான் கல்வி வெளிப்படையா இருக்கு."

நிறுவனர் என்று சொன்னது பேச்சு வழக்குக்காக. அவருடைய பதவியின் பெயர் தலைமைக் கனவாளர். வரவேற்பு மேசையில் இருந்த பெண் முதல் புன்னகை அதிகாரி. பாடம் சொல்லித் தருகிறவர்கள் கனவு வழிகாட்டிகள். பிள்ளைகளை மாணவர்கள் என்று அங்கே யாரும் சொல்வதில்லை, அவர்கள் இளம் நிறுவனர்கள். வீட்டுப்பாடம் கிடையாது, ஏவுதல் உண்டு. எழுதிய நிரல் ஓடாமல் நின்றுவிட்டால் அதைத் தவறு என்று சொல்வது ஒழுங்கீனம்; தாமதமான வெற்றி என்றுதான் சொல்ல வேண்டும். கண்ணாடிக்காரர் அங்கே வேலை செய்துகொண்டிருந்த ஒரு நாள் கழிவறைக் குழாய் உடைந்து தண்ணீர் கூடம் வரைக்கும் ஓடி வந்தது. பெருக்குகிற அம்மா கனவாளர் அறைக் கதவைத் தட்டி, "சார், பின்னாடி பெரிய தாமதமான வெற்றி ஆயிடுச்சு, வந்து பாருங்க," என்றார். யாரும் சிரிக்கவில்லை. கண்ணாடிக்காரரும் சிரிக்கவில்லை. படித்தவர்கள் இடம், அவர்களுக்கு ஒரு காரணம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

அவர் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தபோது கனவாளர் பக்கத்தில் வந்து நின்றார்.

"உங்களுக்குப் பிள்ளைங்க?"

"ஒரு பொண்ணு சார். ஏழாவது."

"கோடிங் பண்றாளா?"

"இல்ல சார், படிக்கிறா."

கனவாளர் துக்கம் விசாரிக்க வந்தவர் போலக் கண்ணை மூடித் திறந்தார். "ஏழாவதுன்னா லேட்டுதான். ஆனா ரொம்ப லேட் ஆயிடல. வருங்காலத்துல ரெண்டே வகை மனுஷங்கதான் இருப்பாங்க. கம்ப்யூட்டருக்குச் சொல்றவங்க, கம்ப்யூட்டர் சொல்றதக் கேக்கறவங்க. உங்க பொண்ணு எந்தப் பக்கம்?"

கண்ணாடிக்காரர் உண்மையாகவே யோசித்துப் பார்த்தார். மகள் சொல்வதும் இல்லை, கேட்பதும் இல்லை. போன மழைக்காலத்தில் அவள் அம்மா போனதிலிருந்து வீட்டில் பேச்சு வற்றிப்போயிருந்தது. வயிற்றில் கட்டி என்றார்கள். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தார்கள், பிறகு அலைய வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. பள்ளிக்கூடத்தில் வகுப்பு டீச்சர் அவரைக் கூப்பிட்டு, "பிள்ளை வாயே திறக்கறதில்லங்க. எதிலயாவது சேத்து விடுங்க, மனசு மாறட்டும்," என்று சொல்லியிருந்தார். எதில் சேர்ப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. இப்போது வாசல் தானாகத் திறந்த மாதிரி இருந்தது.

"கட்டணம் எவ்வளவு சார் வரும்?"

"நாங்க அதக் கட்டணம்னு சொல்றதில்லீங்க. நம்பிக்கைன்னு சொல்வோம்," என்றார் கனவாளர். "நம்பிக்கைய மாசம் பொறந்ததும் செலுத்திடணும். லேட்டானா அபராத நம்பிக்கை உண்டு."

மகளைச் சேர்த்துவிட்டார்.

அங்கே ஒரே ஒரு ஆள் மட்டும் பிள்ளைகளைப் பிள்ளைகள் என்று கூப்பிட்டாள். ஏழாவதுக்குப் பாடம் எடுத்த இளம் பெண்; பதவி கனவு வழிகாட்டிதான் என்றாலும் பிள்ளைகள் டியூஷன் அக்கா என்றார்கள். எப்போதும் கொஞ்சம் தூக்கம் போதாத முகம். முதல் நாள் அவள் யாரையும் கணினியைத் தொடவிடவில்லை. "நான்தான் கம்ப்யூட்டர். எனக்கு ஒண்ணும் தெரியாது. நீங்க சொல்றத மட்டும்தான் செய்வேன். என்னை இந்த ரூமை விட்டு வெளிய கொண்டுபோங்க பாக்கலாம்," என்று சொல்லிவிட்டு மரம் மாதிரி நின்றாள்.

ஒரு பையன் நட என்றான். நடந்தாள். நில் என்று சொல்ல அவன் மறந்துவிட்டான். அவள் நேரே போய்க் கண்ணாடியில் மோதி, மோதிய பிறகும் காலைத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம் நாற்காலிகளில் இருந்த பெற்றோர் பதறி எழுந்தார்கள். கண்ணாடிக்காரர் தம் கண்ணாடிக்காகப் பதறினார். அப்போதுதான், கடைசி வரிசையில் முதுகு காட்டி உட்கார்ந்திருந்த மகளின் தோள் குலுங்குவதைப் பார்த்தார். அழுகிறாளோ என்று பயந்து எழுந்தார். சிரித்துக்கொண்டிருந்தாள்.

அன்று இரவு சாப்பிடும்போது அவளாகவே பேசினாள்.

"அப்பா, கம்ப்யூட்டருக்கு 'இருந்தால்'னு ஒண்ணு சொல்லலாம். முட்டை இருந்தா பொரி."

"சரி."

"இல்லன்னா என்ன பண்றதுன்னும் நாமதான் சொல்லணும். சொல்லலன்னா சும்மா நிக்கும்."

"இல்லன்னா ரொட்டிய சுடுன்னு சொல்லு."

"ரொட்டியும் இல்லன்னா?"

"கடைக்குப் போன்னு சொல்லு."

"கடை மூடியிருந்தா?"

"அது உங்க அக்காவைத்தான் கேக்கணும்," என்றார். அவள் தலையாட்டிவிட்டு, தட்டில் இருந்ததை மிச்சம் வைக்காமல் தின்றாள். அவர் சமையலுக்கு அது நடக்காத காரியம்.

அதற்குப் பிறகு அவர் மற்ற பெற்றோர்களைப் போலக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து உட்காரத் தொடங்கினார். வேலை சீக்கிரம் முடிகிற நாளெல்லாம் வந்துவிடுவார். பெற்றோர் கூடத்துக்குத் தனி நடைமுறை இருந்தது. நடுநடுவே மணி அடிக்கும்; அடித்ததும் எல்லோரும் எழுந்து நின்று, பிள்ளைகளின் முதுகைப் பார்த்துக் கை தட்ட வேண்டும். அதற்கு உற்சாக இடைவேளை என்று பெயர். இரட்டைக் கண்ணாடி என்பதால் பிள்ளைகளுக்கு அது கேட்காது. கேட்கிறதா கேட்கவில்லையா என்பது முக்கியமில்லை, தட்டுகிற மனநிலைதான் முக்கியம் என்று முதல் புன்னகை அதிகாரி விளக்கியிருந்தாள். தட்டாதவர்களை அவள் புன்னகையோடு பார்ப்பாள். அந்தப் புன்னகைக்குப் பயந்தே எல்லோரும் தட்டினார்கள்.

அப்படி ஒரு நாள் தட்டிக்கொண்டிருக்கும்போதுதான் மகளின் திரையை அவர் படித்தார். எட்டிப்பார்க்கிற உத்தேசம் எதுவும் இல்லை. அவள் கடைசி வரிசை, திரை கண்ணாடிக்கு வெகு பக்கம், எழுத்தும் பெரிது.

அவள் 'பசிக்குது' என்று அடித்தாள்.

அடியில் பதில் வந்தது: 'இப்பதானே தின்ன? வயித்துல ஆள் வச்சிருக்கியா? சரி, தட்ட எடுத்துட்டு வா.'

கண்ணாடிக்காரரின் கை தட்டுகிற வாக்கிலேயே நின்றுவிட்டது.

'தலை வலிக்குது' என்று அடித்தாள். 'போனைப் பாத்துப் பாத்து வந்த வலி அது. இங்க வா, தேச்சு விடறேன்.'

'மிஸ் திட்டிட்டாங்க.' 'நீ என்ன பண்ணின? அத முதல்ல சொல்லு.'

பிறகு 'ஒண்ணுமில்ல' என்று அடித்தாள். அதற்கும் பதில் வந்தது. 'சரி, முதல்ல உக்காரு. அப்புறம் சொல்லு.'

பிற்பாடு டியூஷன் அக்கா அவருக்கு விளக்கிச் சொன்னாள். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பசி, வலி, மிஸ் என்று சில சொற்களைத் தேடச் சொல்லியிருக்கிறாள். அந்தச் சொல் இருந்தால் இந்தப் பதில். எதுவும் பொருந்தாவிட்டால் சொல்வதற்கு ஒரு பொதுப்பதில் வேண்டும் அல்லவா, அதுதான் அந்த உட்காரு. ஏழாவது படிக்கும் எந்தப் பிள்ளையும் எழுதக்கூடியதுதான். ஆனால் அந்த நேரத்தில் கண்ணாடிக்காரருக்கு இதெல்லாம் தெரியாது. தம் மனைவி வீட்டுக்குள் எந்தத் தொனியில் எதைச் சொல்வாளோ அதை அப்படியே எழுத்தில் பார்த்தவர், நாற்காலியில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

கனவாளர் அந்த வழியாக வந்தார். பெற்றோர் யாராவது அழுதால் அதற்குக் காரணம் கண்டுபிடித்து வைப்பது கழகத்தின் கொள்கை.

"என்னங்க ஆச்சு?"

கண்ணாடிக்காரர் கள்ளம் கபடு இல்லாமல் எல்லாவற்றையும் சொன்னார். மனைவி போனது, மகள் பேசாமல் இருந்தது, திரையில் வந்த வார்த்தைகள். கனவாளர் கேட்கக் கேட்க அவர் முகம் மெள்ள மெள்ள மலர்ந்தது. கடைசியில் கண்ணாடிக்காரரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"இந்த மாதிரி ஒரு சோகத்துக்காக நாங்க எத்தனையோ மாசமா காத்துக்கிட்டு இருந்தோம்," என்றார்.

டியூஷன் அக்கா விஷயம் தெரிந்ததும் வகுப்பை விட்டு வெளியே வந்தாள். "சார், அது அவ தனக்காகப் பண்ணிக்கிட்டது. வகுப்பு முடிஞ்சு மிச்ச நேரத்துல பண்ணினா. அத வெளிய எடுக்க வேணாம்." பிறகு கண்ணாடிக்காரரைப் பார்த்து, "நீங்க சொல்லுங்கண்ணா," என்றாள்.

கண்ணாடிக்காரர் அவளையும் கனவாளரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. "பாப்பாவுக்கு நல்லது நடக்கும்னா சரிதாம்மா," என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு வார்த்தையைப் பிற்பாடு அவர் பல தடவை நினைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

மேம்பாட்டுக் குழு கூடியது. குழு என்றால் கனவாளரும், கதை அதிகாரி என்ற கட்டைக்குரல் மனிதரும். கண்ணாடிக்காரரையும் மகளையும் நீள மேசைக்கு எதிரே உட்கார வைத்தார்கள். சுவரில் அந்த நிரலின் பதில்கள் வரிசையாக ஒளிர்ந்தன. மனைவி சொன்னதெல்லாம் சுவர் உயரத்துக்கு நிற்பதைப் பார்க்க அவருக்குக் கூச்சமாக இருந்தது; யாரோ வீட்டுத் துணியைத் தெருவில் காயப்போட்ட மாதிரி.

"பொதுவா நல்லா இருக்கு," என்றார் கதை அதிகாரி. "ஆனா இந்த அம்மா கோபப்படறாங்க. வெளிச் சந்தைல அம்மா கோபப்பட முடியாது. 'வயித்துல ஆள் வச்சிருக்கியா'ங்கிறது உடல் எடையைக் கேலி பண்ற மாதிரி வேற வருது. அத எடுத்துடலாம்."

"'நீ என்ன பண்ணின'ன்னு கேக்கறதும் சரியில்ல," என்றார் கனவாளர். "குழந்தை மேல சந்தேகப்படற அம்மா. வாடிக்கையாளர் மேல நாம சந்தேகப்படலாமா?"

ஒவ்வொன்றாக எடுத்தார்கள். எடுத்த இடத்தில் புதியதை வைத்தார்கள். பசிக்குது என்றால், 'வெற்றிக்கான பசியை ஒருபோதும் இழக்காதே, மகளே.' தலை வலிக்குது என்றால், 'வலிகள் உன்னை வலிமையாக்கும்.' மிஸ் திட்டினால், 'விமர்சனங்களைப் படிக்கட்டுகளாக்கு.' எதுவும் பொருந்தாத இடத்தில் இருந்த அந்த உட்காருவைக் குழு வெகு நேரம் விவாதித்தது. உட்காரு என்பது முன்னேற்றத்துக்கு எதிரான சொல் என்று முடிவாயிற்று. 'உங்கள் கேள்வி எங்களுக்கு மிகவும் முக்கியமானது' என்று மாற்றினார்கள்.

"எங்கம்மா இப்படிப் பேச மாட்டாங்க," என்றாள் மகள்.

கதை அதிகாரி அன்பாகச் சிரித்தார். "இப்ப பேசறாங்க பாரு."

எழுத்து மட்டும் போதாது, குரல் வேண்டும் என்று அடுத்த கூட்டத்தில் முடிவானது. விளம்பரங்களுக்குப் பேசுகிற ஒரு பெண்ணைக் கூப்பிட்டுப் பதிவு செய்தார்கள். தேன் ஒழுகுகிற குரல். எதைச் சொன்னாலும் கடைசியில் ஏதோ சோப்பின் பெயர் வரப்போகிறது என்று காது எதிர்பார்க்கும். மகளுக்குக் காதுக்கருவி மாட்டிவிட்டு, கழக விழாவில் மேடையேறிச் செய்துகாட்டப் பழக வேண்டும் என்று தினமும் அந்தக் குரலோடு உட்கார வைத்தார்கள். அவள் தட்டுவாள், அது பேசும்.

இதற்குள் கழகம் முழுவதும் பாடத்திட்டம் மாறிவிட்டிருந்தது. 'துயரத்திலிருந்து தொழில்நுட்பம்' என்று புதிய பிரிவு வந்தது. ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டுத் துயரம் ஒன்றைக் கொண்டுவந்து அதைச் செயலியாக்க வேண்டும். ஒரு பையன் தொட்டியில் செத்துப்போன மீனைக் கொண்டுவந்தான். அதற்கு நடுத்தர மதிப்பெண்தான் கிடைத்தது. இன்னொருத்தி மாமா வேலையை விட்டதைச் சொன்னாள். மாமா தானாக விட்டாரா, அனுப்பினார்களா என்று கேட்டார்கள். தானாக விட்டதாகச் சொன்னதும் வேறு ஏதாவது பார் என்று திருப்பி அனுப்பினார்கள். பெற்றோர் கூடத்தில் கவலை பரவியது. கண்ணாடிக்காரர் காதுபடவே, நன்றாக உடுத்திய ஒரு தாய் கனவாளரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"சார், எங்க வீட்ல எல்லாரும் உயிரோடதான் இருக்கோம். பையனுக்கு அதனால ஏதும் பாதிப்பு வருமா?"

"கவலைப்படாதீங்க மேடம்," என்றார் கனவாளர். "பின்தங்கிய பிள்ளைகளுக்குத் தனிப் பயிற்சி உண்டு."

அந்தத் தாய் நிம்மதியாகத் திரும்பி வந்து கண்ணாடிக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து, "உங்க பொண்ணு குடுத்து வச்சவ," என்றாள். அவர், "ஆமாங்க," என்றார்.

டியூஷன் அக்கா அந்தப் பிரிவை நடத்த மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அவளைக் காணோம் என்று பிள்ளைகள் கேட்டபோது, அவள் பட்டம் பெற்றுவிட்டதாகக் கழகம் அறிவித்தது. அவளுக்காக ஓர் உற்சாக இடைவேளை நடந்தது. அவள் இல்லாத நாற்காலியைப் பார்த்து எல்லோரும் கை தட்டினார்கள். அன்று மகள் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எதுவும் பேசவில்லை. பழைய பேசாமை திரும்பிவந்துவிட்டது என்று அவருக்குப் புரிந்தது. விழா முடியட்டும், எல்லாம் சரியாகும் என்று தம்மையே சமாதானப்படுத்திக்கொண்டார்.

விழாவுக்கு முன்னால் ஒத்திகை வைத்தார்கள். மேடையில் மகள் அழ வேண்டிய இடத்தைக் கதை அதிகாரி குறித்துக் கொடுத்தார். அவளுக்கு அழுகை வரவில்லை. மறுபடி செய்தார்கள், அப்போதும் வரவில்லை. "அம்மாவை நினைச்சுக்கோம்மா," என்றார் கதை அதிகாரி, பொறுமையான மனிதர்தான். அவள் நினைத்துப் பார்த்தாள். முகம் வெறுமையாகவே இருந்தது. கடைசியில், மகளுக்குப் பதிலாக அப்பா அழுதால் போதும், அவரை முன்வரிசையில் உட்கார வைத்து முகத்தில் விளக்குப் போடலாம் என்று தீர்மானித்தார்கள். கண்ணாடிக்காரரிடம், "உங்களுக்குத்தான் நல்லா வருதே," என்றார் கனவாளர்.

விழாவன்று மண்டபம் நிறைந்திருந்தது. கனவாளர் ஒலிபெருக்கிக்கு முன்னால் நின்று, முதலில் சற்று மௌனமாக இருந்தார். மௌனத்தையும் ஒத்திகை பார்த்திருந்தார்கள்.

"இந்தக் குழந்தைக்கு அம்மா இல்லை," என்று தொடங்கினார். "அதை ஓர் இழப்பு என்று உலகம் சொல்லும். நாங்கள் அப்படிப் பார்க்கவில்லை. சற்று யோசித்துப் பாருங்கள். அந்தத் தாய் மட்டும் இன்று உயிரோடு இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? இந்தக் குழந்தை சாதாரணமாக இருந்திருக்கும். எல்லாப் பிள்ளைகளையும் போல இந்நேரம் வீட்டில் உட்கார்ந்து, அம்மா கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கும். அந்த ஆபத்திலிருந்து இவளைக் காப்பாற்றியது எது? தொழில்நுட்பம்."

மண்டபம் கை தட்டியது. முன்வரிசையில் விளக்கு கண்ணாடிக்காரரின் முகத்தில் விழுந்தது. வெளிச்சத்தில் கண் கூசி நீர் வந்தது. பின்வரிசைகளில் சிலர் மூக்கை உறிஞ்சினார்கள்.

மகள் மேசை முன்னால் உட்கார்ந்தாள். சொல்லிக்கொடுத்தபடி 'பசிக்குது' என்று அடித்தாள். தேன்குரல் வெற்றிக்கான பசியைப் பற்றிச் சொன்னது. 'தலை வலிக்குது' என்று அடித்தாள். வலிமையைப் பற்றிச் சொன்னது. எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது, மேடையில் இருந்த சிறப்பு விருந்தினர், பெரிய மனிதர், உற்சாகமாகிவிட்டார். "எழுதி வச்சத விடும்மா. உனக்கு அம்மாகிட்ட நெஜமா என்ன கேக்கணுமோ அதக் கேளு," என்றார்.

கதை அதிகாரி எழுந்து பாதி நின்றார். அதற்குள் அவள் அடிக்கத் தொடங்கிவிட்டாள். ஒவ்வோர் எழுத்தாகப் பெரிய திரையில் வந்தது.

'அம்மா, கடைசில ரொம்ப வலிச்சுதா?'



"உங்கள் கேள்வி எங்களுக்கு மிகவும் முக்கியமானது," என்றது தேன்குரல். "கேள்வி கேட்பவளே நாளைய தலைவி. அடுத்த நிலைக்குச் செல்ல, இன்றே இணையுங்கள்."

பிறகு கனவாளர் முதலில் கை தட்டினார். அதைப் பார்த்து மண்டபமே எழுந்து நின்று தட்டியது. "பார்த்தீர்களா, எந்தக் கேள்விக்கும் இந்த அம்மாவிடம் பதில் இருக்கிறது," என்று அவர் சொன்னது அந்தச் சத்தத்தில் பாதிதான் கேட்டது. மகள் திரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். கண்ணாடிக்காரர் எழுந்து, விளக்கைக் கடந்து, மேடைப் படியில் ஏறினார். அவள் கையைப் பிடித்துக் கீழே கூட்டிக்கொண்டு வந்து, பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே போனார். அதுவும் நிகழ்ச்சியின் பகுதி என்று நினைத்து, அவர்கள் வெளியே போகும் வரைக்கும் தட்டினார்கள்.

அடுத்த வேலை நாளில் அவர் கழகத்துக்குப் போனார்.

"சார், எனக்குப் பழைய அம்மா வேணும்," என்றார்.

"எந்தப் பதிப்பு?" என்று கேட்டார் கனவாளர்.

"பாப்பா எழுதினது."

"அது இல்லீங்களே. அதுக்கு மேலயேதான் புதுசக் கட்டியிருக்கோம்."

கண்ணாடிக்காரர் தமக்குத் தெரிந்த வழியில் புரிந்துகொள்ளப் பார்த்தார். "கண்ணாடில பழைய ஸ்டிக்கர் மேல புதுசு ஒட்டுவோமே, அந்த மாதிரியா சார்?"

"கரெக்ட்."

"அப்படின்னா உரிச்சா பழசு வரும்."

"இது உரியாதுங்க." கனவாளர் வருத்தப்பட்டார். உண்மையான வருத்தம்தான், எந்தப் பெற்றோரும் முகம் வாடிப் போவது கழகத்துக்கு அழகல்ல. "ஒண்ணு செய்யலாம். புதுப் பதிப்பு உங்களுக்கு எப்பவும் இலவசம். அப்புறம், அடுத்ததா அப்பா பதிப்பு ஒண்ணு யோசிச்சிட்டு இருக்கோம். உங்க குரல் நல்லா இருக்கு. ஏதாவது பதிவு பண்ணிக் குடுத்தீங்கன்னா..."

"நான் இன்னும் இருக்கேன் சார்."

"அவசரமில்ல," என்றார் கனவாளர். "மெதுவா குடுங்க."

முதல் புன்னகை அதிகாரி அவர் வெளியே போகும்போது புன்னகைத்தாள். பதவிக்குரிய புன்னகை.

வீட்டுக்கு வந்தபோது வெளிச்சம் இன்னும் இருந்தது. மகள் சமையலறைத் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவர் அடுப்பில் தண்ணீர் வைத்தார். இதைச் சொல்லாமல் இருக்க முடியாது என்பதால் சொன்னார்.

"பழசு போயிடுச்சாம் பாப்பா."

"தெரியும்."

"நீ மறுபடி எழுதிட மாட்டியா? உனக்குத்தான் வருமே. கம்ப்யூட்டருக்கு நான் யார்கிட்டயாவது கேக்கறேன்."

"எழுதறது ஞாபகம் இருக்கு," என்றாள். முழங்காலைக் கட்டிக்கொண்டாள். "அம்மா என்ன சொல்வாங்கன்னு நினைச்சுப் பாக்கறேன். வார்த்தை வருது. ஆனா அந்தப் பொம்பள குரல்லதான் வருது. எத நினைச்சாலும் அவங்க குரல்தான் வருது அப்பா. எங்கம்மா குரல் வரமாட்டேங்குது."

அதைச் சொல்லும்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. ஒத்திகையில் வராதது, விழாவில் வராதது. அவர் அடுப்பை அணைத்துவிட்டு அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். 

ஏதாவது பேச வேண்டுமே என்று அவர் சொன்னார். "எனக்கும் சரியா ஞாபகம் இல்லடா. நான் வீட்ல எங்க இருந்தேன்? உன்கிட்ட பேசின மாதிரி என்கிட்ட அவ நிறையப் பேசினதும் இல்ல. தினமும் ஒண்ணே ஒண்ணுதான். நான் வேலை விட்டு வந்து செருப்பக் கழட்டறதுக்குள்ள, 'கையைக் காட்டுங்க'ன்னு சொல்லுவா. கண்ணாடிச் சில்லு ஏறியிருக்கான்னு பாக்க."

மகள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். யோசித்தாள்.

"அப்படி இல்லப்பா," என்றாள்.

"அப்படித்தான்டா."

"காட்டுங்கன்னெல்லாம் சொல்ல மாட்டாங்க. 'எங்க, கை'ம்பாங்க."

சொன்ன பிறகு அவள் வாய் சற்றுத் திறந்தபடியே நின்றது. அம்மாவைப் போலவே எங்க என்பதைக் கொஞ்சம் நீட்டி, கை என்பதை அதட்டலாக வெட்டிச் சொல்லியிருந்தாள். தெருவில் யாரோ சைக்கிளைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

அவர் மெள்ளக் கையை நீட்டினார். அவள் அதை வாங்கி, ஜன்னல் பக்கம் திருப்பி, விரல் விரலாகப் பிரித்து, தோல் தடித்த இடங்களை நகத்தால் நிரடிப் பார்த்தாள். அன்று அவர் வேலைக்கே போயிருக்கவில்லை. அதை அவளிடம் சொல்லாமல், அடுத்த கையையும் நீட்டினார்.